டோர்க் ரென்ச் 'டிக்' அடிச்சும் பிளைவீல் லூசா? போல்ட் நீளத்தைப் பாருங்க!

செட் பண்ணின இறுக்கம் வந்ததும் சத்தம் போடுற டோர்க் ரென்ச் 'டிக்'னு அடிச்சிருச்சு. எல்லா போல்ட்டும் இறுகிருச்சு. ஆனா வண்டி ரம்பொடை ஏத்தத்துல ஏறும்போது 'டக் டக்'னு சத்தம். பிக் எண்ட் (எஞ்சினுக்குள்ள இருக்கிற ஒரு பேரிங்) போயிருச்சு, எஞ்சினை இறக்குங்கன்னு சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க, அது பிளைவீல் போல்ட்டாவும் இருக்கலாம்.

பின்னணி சுருக்கமா: மெனுவல் கார்ல கிராங்க் (எஞ்சினோட பிரதான சுழல் தண்டு) பின்னால பிளைவீல்னு ஒரு தடிச்ச சக்கரம். ஒட்டோ கியர் கார்ல அந்த இடத்துல சுமார் 3 மில்லிமீற்றர் தகடு, அதுதான் டிரைவ் பிளேட். போல்ட் மரை ஒண்ணாவே இருக்கும், நீளம்தான் வேற.

இப்ப கணக்கைப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு எம்10 (10 மில்லிமீற்றர் விட்டம்) போல்ட், தலைக்குக் கீழ 22 மில்லிமீற்றர்னு வைங்க. பிளைவீல் நடுப்பகுதி 8 தடிப்புன்னா 14 கிராங்குக்குள்ள போகும். அருமை. அதே போல்ட்டை 3 மில்லிமீற்றர் டிரைவ் பிளேட்டுக்கும் 2 மில்லிமீற்றர் ஸ்பேஸருக்கும் (இடைத் தகடு) போட்டா, 17 உள்ள போகணும். துளை ஆழம் 16தான்னா? நுனி அடியில முட்டி நின்னுரும். தலைக்கும் தகட்டுக்கும் நடுவுல 1 மில்லிமீற்றர் இடைவெளி. ரென்ச்சுக்கு அது தெரியாது, போல்ட் சுத்த மறுத்தா போதும், 'டிக்' அடிச்சிரும்! துளை மறுபக்கம் திறந்திருந்தா இன்னும் மோசம். நீண்ட நுனி எஞ்சின் பிளொக்ல உரசும்.

இதோட மறுபக்கம்தான் நம்ம பக்கம் கவனிக்க வேண்டியது. ஜப்பான்ல இருந்து வர்ற ரீகண்டிஷன் எஞ்சின் பெரும்பாலும் ஒட்டோ கார்ல கழட்டினது. அதோட வர்ற குட்டை போல்ட்டை பிளைவீலுக்குப் போட்டா, 6, 7 மில்லிமீற்றர் மரைதான் பிடிக்கும். எம்10க்கு குறைஞ்சது 10 வேணும். ஹட்டன் ரோட்டு ஏத்தத்துல நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் கொடுக்கிற அடியில கிராங்க் மரையே உரிஞ்சிரும். கிராங்க் போனா செலவு எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

ஹாட்வெயார் கடை போல்ட் வேணவே வேணாம் பாஸ்! உறுதி போதாததோட, தலை உயரமா இருந்தா கிளட்ச் பிளேட் ஸ்பிரிங்ல இடிக்கும்.

அளக்கிற விதம்: துளையில ஒயில் இல்லாம துடைங்க, அடியில ஒயில் தேங்கினாலும் போல்ட் முட்டும். வேர்னியரால துளை ஆழத்தை எடுங்க. தகடு, ஸ்பேஸர் தடிப்பை போல்ட் நீளத்துல கழிங்க. மிச்சம் துளை ஆழத்தைவிட 2 மில்லிமீற்றராவது குறைவா இருக்கணும். கையால சுத்தும்போதே இறுகினா நிறுத்துங்க, அது 1.5 மில்லிமீற்றர் மரை இடைவெளி போல்ட்டை 1.25 துளையில போட்டதா இருக்கலாம்.

இறுக்கமும் ஒண்ணில்ல. டொயோட்டா 4ஏ-எஃப்ஈல பிளைவீலுக்கு 78 நியூட்டன் மீற்றர், டிரைவ் பிளேட்டுக்கு 64. குறுக்குக் குறுக்கா, மூணு தடவையில ஏத்துங்க. இத்தனை பாகை திருப்பணும்னு பாகைக் கணக்குல இறுக்குற போல்ட்டுன்னா புதுசுதான் போடணும். துளை எஞ்சினுக்குள்ள திறந்திருந்தா மரையில சீலர் பூசுங்க. இல்லாட்டி ஒயில் கிளட்ச்ல இறங்கி, ஏத்தத்துல வழுக்கும்.

ஒட்டோ கியர்பொக்ஸுக்கு சக்தியைக் கடத்துற டோர்க் கன்வேட்டரை டிரைவ் பிளேட்டோட பிடிக்கிற சின்ன போல்ட்டுகளும் தனி ரகம். நீளமானதைப் போட்டா கன்வேட்டர் முகப்பே உள்ள குழிஞ்சிரும். கழட்டும்போதே தனித்தனிப் பையில போட்டு எழுதி வைங்க. உங்க எஞ்சின் மொடலையும் போல்ட் நீளத்தையும் கமெண்ட்ல போடுங்க, இன்னொரு பாஸுக்கு உதவும்.