நூறு கிலோ சிலையும் இரண்டு ஆட்களும்

(பாளையங்கோட்டையில் திரைக்கதை எழுதப் பழகுவோரிடையே ஆற்றிய உரை)

அன்பர்களே, வணக்கம்.

ஒட்டவே ஒட்டாத இரண்டு பேர் ஒரே வண்டியில் ஏறி, அடி வாங்கி, அடி கொடுத்து, நம்மைச் சிரிக்கவைத்து ஊர் போய்ச் சேரும் படத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. இதை எழுத உட்காருகிறவர்கள் பலர் முதலில் ஒருவரைக் குண்டாக்கி, மற்றவரை ஒல்லியாக்கிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். உடம்பு கதை முழுக்க அப்படியேதான் இருக்கும். மாறாத ஒன்றை வைத்துக் கதையை எப்படி நகர்த்துவது? இருவருக்கும் உள்ள முரண் அவரவர் தொழிலிலிருந்து வரவேண்டும்.

நம் பக்கத்திலேயே ஓர் இணையை வைத்துப் பார்ப்போம். ஒருவர் கோயில் மெய்க்காவல். முப்பது வருடம் ஒரே வாசலில் நின்றவர், வாய் திறக்காதவர். இன்னொருவர் லோடு ஆட்டோ ஓட்டும் இளைஞர். அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் இடையே எந்தக் குறுக்குவழியையும் விட்டுவைக்காதவர், வாய் மூடாதவர். நிற்பது ஒருவர் பிழைப்பு, ஓடுவது மற்றவர் பிழைப்பு. களவுபோன ஐம்பொன் சிலையை இருவரும் சேர்ந்து மீட்டுக் கொண்டுவர வேண்டும்.

சிலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-இல் களவுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்திலிருந்து 2019-இல் திரும்பி வந்தார். இந்த ஊர்ச் சனங்களுக்குச் சிலைத் திருட்டு கட்டுக்கதை இல்லை. ஆகவே ஆபத்து நிஜமாக இருக்கும், சிரிப்பு அதன்மேல் நிற்கும். வில்லனையும் கோமாளியாக்கினால் இரண்டும் சேர்ந்து சரியும்.

இன்னொரு காரணம் எடை. நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஆள் தூக்க முடியாது. சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போக நினைத்தாலும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தே ஆகவேண்டும். "இவர்கள் ஏன் இன்னும் பிரியவில்லை?" என்று பார்க்கிறவர் கேட்கும் நொடியில் இந்தவகைப் படம் செத்துவிடும். அதற்கு வசனத்தில் பதில் சொல்லாதீர்கள். கையில் இருக்கும் பொருளே பதிலாக இருக்கட்டும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக் கணக்கு. 130 பக்கத்தில் எழுதினால், இருவரும் 12-ஆம் பக்கத்துக்குள் சந்திக்க வேண்டும்; 25-க்குள் சிலை வண்டியில் ஏறிவிட வேண்டும்; 65-இல் இடைவேளை. நான்கு சண்டை போதும். எழுதும்போது ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு சோதனை வையுங்கள்: இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவர் தோற்கிறாரா? தோற்கவில்லையென்றால் அது ஒற்றை நாயகன் சண்டை, பக்கத்தில் ஒருவர் வேடிக்கை பார்க்கிறார், அவ்வளவுதான். அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மூன்றாவது சண்டையை அரிசி ஆலைக்குள் வைப்போம். இயந்திரம் ஓடுகிற இரைச்சலில் ஓட்டுநரின் பேச்சு யாருக்கும் கேட்காது. அதுவரை வாயால் தப்பித்தவருக்கு ஆயுதம் போயிற்று. பெரியவரோ சிலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார், இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி. பின்னால் வருகிற ஆளை அவர் பார்த்துவிட்டார், ஓட்டுநர் பார்க்கவில்லை. முப்பது வருடம் பேசாத மனிதர் இப்போது கத்தியாக வேண்டும். கத்துகிறார், கேட்கவில்லை. காவல் விசிலைப் பல்லில் கடித்து ஊதுகிறார். ஒரு விசில் என்றால் வலது, இரண்டு என்றால் இடது. அதை முதல் சண்டையிலேயே, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, சாதாரணமாகக் காட்டி வைத்திருக்க வேண்டும். பேசாதவர் சத்தம் எழுப்புகிறார், கேட்காதவர் கேட்கிறார். ஒருவர் குணம் மற்றவர்மேல் ஏறுவது அடிதடிக்குள்ளேயே நடந்துவிட்டது. பிறகு தனியாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேசும் காட்சி வேண்டியதில்லை.

எடுக்கும்போது வரும் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் தவிட்டுத் தூசி காற்றில் நிற்கும், தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும். அங்கே நெருப்பு, புகை, வெடி எதுவும் கூடாது. பெல்ட் ஓடும் ஷாட்டைத் தனியாக எடுத்துவிட்டு, நடிகர்கள் உள்ளே வரும்போது மின்சாரத்தையே துண்டித்து வையுங்கள். இரைச்சலைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

சிலைக்கு மூன்று பிரதி வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபைபரில் செய்த பிரதி ஏழெட்டுக் கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நூறு கிலோ போல நடி என்றால் யாராலும் முடியாது. தோள் சரிவது, காலடி குறுகுவது, கழுத்து நரம்பு புடைப்பது எல்லாம் எடையால் வருபவை. நடக்கும் ஷாட்டுக்கு உள்ளே மணல் மூட்டை வைத்து முப்பது கிலோ ஆக்குங்கள். முகத்துக்கு அருகில் காட்ட நுணுக்க வேலைப்பாடுள்ள ஒன்று. கீழே விழுவதற்கும் மேலே சாய்வதற்கும் நுரையில் செய்த ஒன்று. எந்த ஷாட்டுக்கு எது என்று பட்டியலில் எழுதிவையுங்கள். மாறிப்போனால் முப்பது கிலோ ஒருவர் காலில் விழும்.

குத்து விடும்போது கை முகத்திலிருந்து ஓரடி தள்ளியே போகவேண்டும். கேமரா அடிப்பவர் தோளுக்குப் பின்னால் நின்றால் அந்த இடைவெளி தெரியாது. வாங்குகிறவர் கண்ணால் சம்மதம் சொன்ன பிறகே கை கிளம்ப வேண்டும். முடியைப் பிடிக்கும் காட்சியில் பிடிபட்டவர்தான் அசைவை நடத்துவார், பிடித்தவர் பின்தொடர்வார். ஒத்திகையை அரை வேகத்தில் ஆரம்பித்து, முக்கால் வேகத்துக்கு ஏற்றி, அப்புறம் முழு வேகம். ஒரு ஷாட்டுக்கு ஐந்தாறு அசைவு போதும். நொடிக்கு வழக்கமான 24 ஃபிரேமுக்குப் பதில் 22-இல் எடுத்தால் சற்று விறுவிறுப்பு வரும். அதற்கும் மிகக் கீழே இறக்கினால் பொம்மலாட்டம் ஆகிவிடும், அடியின் வலி போய்விடும்.

நம் பக்கத்து ஆள் என்றால் மடித்துக் கட்டிய வேட்டி. அழகுதான். ஆனால் கயிறு கட்டித் தூக்கும் பட்டை தொடையைச் சுற்றிப் போகும், மடித்த வேட்டிக்குக் கீழே எட்டிப் பார்க்கும். வேட்டி வேண்டுமென்றால் கயிற்று வித்தையை விட்டுவிட்டு, காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டு, பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞரை விழவையுங்கள். ஆற்றுப் படித்துறையில் எடுத்தால் பாசியைத் தேய்த்து, கேமராவுக்குத் தெரியாத படிகளில் தென்னைநார் விரிப்பைப் போடுங்கள். பாபநாசத்தில் தண்ணீர் திறக்கும் நேரத்தை விசாரிக்காமல் தாமிரபரணிக்குள் யாரையும் இறக்கவே கூடாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே துரத்தல் வைக்க ஆசைப்படுவீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மைக்கில் காற்றைத் தவிர எதுவும் பதியாது. வசனமில்லாத காட்சியாக எழுதிக்கொண்டு போங்கள்.

சிரிப்புக்கு வருவோம். வில்லுப்பாட்டைக் கூர்ந்து கேளுங்கள். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா மேடையில், பாடகர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" எங்கே விழுகிறது, எங்கே தள்ளிப்போகிறது, எங்கே கேள்வியாக மாறுகிறது என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. இருவரை வைத்து நகரும் இந்தவகைப் படத்திலும் சிரிப்பை ஆள்பவர் "ஆமா" போடுபவர். அவர் வேடிக்கை செய்யவே கூடாது; நடப்பதை முழுசாக நம்ப வேண்டும். சிரிப்பு வந்த பிறகு இரண்டு நொடி சேதி எதுவும் சொல்லாமல் விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வசனம் அரங்கச் சத்தத்தில் மூழ்கிவிடும். இருவரையும் ஒரே ஃபிரேமில் வையுங்கள். மாற்றி மாற்றி வெட்டினால், ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் போகிற போக்கு தொலைந்துபோகும்.

நெல்லைப் பேச்சை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதற்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதே இருவருக்கும் உள்ள தூரத்தை அளக்கும் கோல். பெரியவர் முதலில் "டிரைவர்" என்பார், வண்டி பஞ்சராகிப் போன இரவில் "தம்பி" என்பார். ஓட்டுநருக்கு அவர் "அண்ணாச்சி". அது எந்தக் கடைக்காரரையும் கூப்பிடுகிற சொல். "என்ன அண்ணாச்சி, ஒண்ணும் சொல்ல மாட்டுக்கீய?" என்று கேட்டுக்கொண்டே வருவார். இடைவேளைச் சண்டையில் இருவரும் பெயரோ முறையோ சொல்லாமல் மொட்டையாகப் பேசட்டும். "ஏலே" என்ற சொல்லைப் பெரியவர் வாயில் கடைசிக் காட்சிவரை வைக்காதீர்கள். எல்லாப் பாத்திரமும் முதல் காட்சியிலிருந்தே "ஏலே, வாலே" என்று இரைந்தால் அந்தச் சொல் வெறும் ஊர் முத்திரையாகிவிடும்.

கடைசிச் சண்டை முடிந்து சிலையைச் சன்னதி வாசலில் இறக்கும் ஷாட்டுக்கு முப்பது கிலோ பிரதியைக் கொடுங்கள். வெட்டே வேண்டாம். இருவரும் மூச்சு வாங்குகிறார்கள். பெரியவர் சொல்கிறார்: "ஏலே, மெதுவா இறக்குலே." ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி சித்தப்பா." சிலையின் அடி கல்லைத் தொடும் சத்தம் கேட்கிறவரை இசை வரக்கூடாது.