சாவியை எடுத்த பிறகும் சுற்றும் ஃபேன்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்த ஊரில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் நான். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்றால் பதறிக்கொண்டு வருகிறார்கள். நிற்காமல் ஓடினால் மட்டும், "ஓடட்டுமே, இன்ஜின் குளிர்ச்சியாகத்தானே இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை பேட்டரி செத்துக் கிடக்கும். சின்ன காரின் ஃபேனே 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நேரம் தாங்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுகிற ஃபேன் எல்லாமே கோளாறு அல்ல. ஏசி போட்டால் ஓடத்தான் செய்யும். தொப்பூர் கணவாய் ஏறி வந்து நிறுத்தினால், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் சுற்றும். பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில், புகைபோக்கியில் உள்ள ஃபில்டர் தன் கரியை எரிக்கும்போதும் ஓடலாம்.

சந்தேகம் வந்தால் காலையில், இன்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். சாவியே போடாமல் ஃபேன் சுற்றுகிறதா? அப்படியானால் நான் முதலில் கை வைப்பது, ஃபேனுக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சின்ன சுவிட்சான ரிலேயில்தான். பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் அந்த ரிலேயைப் பிடுங்குங்கள். ஃபேன் நின்றால், அதே எண் உள்ள ஹாரன் ரிலேயை அங்கே மாற்றிப் போடுங்கள். ஃபேன் சும்மா இருந்தால் பழைய ரிலேயின் உள்ளே இருக்கும் முனைகள் பொறி பட்டு ஒட்டிக்கொண்டன என்று பொருள். ஆனால் ரிலேயை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். ஏன் ஒட்டியது என்று கேட்க வேண்டும். மோட்டார் பேரிங் இறுகிப்போனால் கரண்ட் கூடுதலாக இழுக்கும், புது ரிலேயும் சில மாதத்தில் ஒட்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும்.

பென்னாகரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நிற்காத ஃபேனுக்காக எங்கோ ஒருவர் வயரை வெட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறார். சேலத்திலிருந்து திரும்பும்போது மறதியில் சுவிட்சைப் போடவில்லை. தொப்பூர் ஏற்றத்திலேயே ஆவி கிளம்பி, இன்ஜினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. நான் பார்த்தபோது ஒட்டிக்கிடந்தது ஒரு சின்ன ரிலே. அதற்கு வைத்தியம் பார்க்காமல் இன்ஜினையே பலி கொடுத்தோம். வயரை வெட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சாவி போட்டதும், குளிர்ந்த இன்ஜினிலேயே ஃபேன் முழு வேகத்தில் கிளம்பினால் கதை வேறு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டை அளக்கும் சென்சாரின் பிளக் கழன்றிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம். சென்சாரிலிருந்து செய்தி வராவிட்டால், 'எதற்கும் ஓடட்டும்' என்று வண்டியின் கம்ப்யூட்டர் ஃபேனைப் போட்டுவிடும். அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. சென்சாரின் மின்தடை ஆறிய நிலையில் கூடுதலாகவும், சூடேற ஏறக் குறைந்துகொண்டும் வர வேண்டும். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு. தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை.

ஃபேன் மேல் தப்பே இல்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. நம் மாவட்டத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் கடினம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து, சூடு வெளியேறாமல், ஃபேன் ஓய்வே இல்லாமல் உழைக்கும். கூலன்ட்டில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே கலக்குங்கள். கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது கவனம். இன்ஜின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். நின்றிருக்கும் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் திடீரென்று சுற்றும். கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். வணக்கம்.