இரண்டாம் இடத்துக்கு ஒரு சண்டை

நேயர்களுக்கு வணக்கம். உலகின் தலைசிறந்த ராக் இசைக்குழு எது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ராக் ரசிகர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் பேச்சு விடிய விடிய ஓடும். ஒருவர் லெட் செப்பலின் என்பார். இன்னொருவர் பிங்க் ஃப்ளாய்ட் என்பார். மூன்றாமவர் குயீன் என்று சொல்லிவிட்டு, "ஃபிரெடி மெர்க்குரி நம்ம பஞ்ச்கனியில் படித்தவர், தெரியுமா?" என்று உரிமையும் கொண்டாடுவார்.

முதல் இடத்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. அது பீட்டில்ஸுக்கு. இதைச் சொல்வதில் எந்தச் சுவாரசியமும் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். 1963 பிப்ரவரி 11ஆம் தேதி லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி அதுதான். கடைசிப் பாட்டுக்கு வரும்போது ஜலதோஷம் பிடித்திருந்த ஜான் லெனனின் தொண்டை கிழிந்துவிட்டது. அந்தக் கரகரப்பு இன்றும் அந்தப் பதிவில் கேட்கிறது.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரலில், அதே கட்டடத்தில், 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பாட்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சுருதி. பின்னால் தம்புரா. காந்த நாடாத் துண்டுகளை வளையமாக ஒட்டி, கட்டடத்தின் பல அறைகளில் இருந்த இயந்திரங்களில் சுற்றவிட்டார்கள். நாடா தொய்ந்துவிடாமல் இருக்க ஊழியர்கள் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் லெனன். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20. ஆர்கனோடு இணைக்கும் சுழல் ஸ்பீக்கருக்குள் அந்தக் குரலைச் செலுத்திக் காரியத்தை முடித்துவிட்டார். மூன்று ஆண்டில் இவ்வளவு தூரம் போன வேறொரு குழு எனக்குத் தெரியவில்லை. சரி, முதல் இடம் முடிந்தது.

சண்டையே இரண்டாம் இடத்தில்தான். அங்கே போட்டி நிஜமானது. அதற்கு முன்னால், எதை வைத்து அளப்பது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

விற்பனையை வைத்து அளக்கலாமா? அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் என்று அந்நாட்டு இசைத்தட்டுத் தொழில் சங்கம் 2018இல் சொன்னது ஈகிள்ஸ் குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பை. நல்ல குழு, இனிமையான பாட்டுகள். ஆனால் ஈகிள்ஸ்தான் உலகின் தலைசிறந்த ராக் குழு என்று மார்தட்டுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. விற்பனைக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பத்திரிகைப் பட்டியல்கள்? ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' முதலிடம். அதே பத்திரிகை 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது அந்த ஆல்பத்துக்கு 24ஆம் இடம். முதலிடத்துக்குப் பாடகர் மார்வின் கே வந்துவிட்டார். அந்த இசைத்தட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. வாக்குப் போட்டவர்கள்தான் மாறினார்கள். பட்டியலைப் படிக்கலாம், ரசிக்கலாம், அதைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது.

நீண்ட ஆயுள் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அது ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர்களின் ஆயுதம். 1962இல் தொடங்கிய குழு 2023இலும் புதுப் பாட்டுகளோடு ஆல்பம் போட்டது. கும்பிட வேண்டிய உழைப்புதான். ஆனால் அவர்களுடைய உண்மையான உச்சம் 1968 முதல் 1972 வரை. கீத் ரிச்சர்ட்ஸ் கிட்டாரின் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, ஐந்து தந்திகளைத் தனக்கென்று ஒரு விதமாகச் சுருதி சேர்த்து வாசித்த காலம் அது. அந்த ஐந்து ஆண்டுகளுக்காகத்தான் நான் அவர்களை மதிக்கிறேன். மீதி ஐம்பது ஆண்டுகளுக்கு மதிப்பெண் கேட்டால் தர மாட்டேன்.

என் அளவுகோல் வேறு. இந்தக் குழு இல்லாமல் போயிருந்தால், பின்னால் வந்த எது பிறக்காமலே போயிருக்கும்? இதை மட்டும்தான் கேட்பேன்.

இந்தக் கேள்விக்கு முன்னால் குயீன் கொஞ்சம் தடுமாறுகிறது. 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில் அவர்கள் வாசித்த இருபது நிமிடங்களைப் போல இன்னொன்று கிடையாது. அதை இன்னொருவர் செய்யவும் முடியாது என்பதுதான் அதன் பெருமை, அதுவே என் அளவுகோலில் குறையும் ஆகிவிடுகிறது. பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 முதல் 1988 வரை அமெரிக்க ஆல்பம் வரிசையில் 741 வாரங்கள் இருந்தது. இரவில் கேட்க அதைவிடப் பொருத்தமான தட்டு இல்லை. ஆனால் அந்த வழியில் போனவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்பது என் கட்சி.

லெட் செப்பலின் விஷயம் அப்படியல்ல. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1971இல் வெளிவந்த அவர்களுடைய நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்'. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம், ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்தது. அதன் கூடத்தில் ஜான் போனமின் டிரம்ஸை வைத்தார்கள். ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு மைக் என்று வைக்காமல், ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மேலே மாடிப்படியிலிருந்து தொங்கவிட்டார். போனம் கீழே அடிக்க, சத்தம் படிக்கட்டுச் சுவர்களில் மோதி மேலே ஏறி வந்து மைக்கில் விழுந்தது. அந்த டிரம்ஸ் ஓசையைப் பிற்பாடு எத்தனையோ பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள். போனம் 1980 செப்டம்பரில் இறந்ததும், அந்த ஆண்டே குழுவைக் கலைத்துவிட்டார்கள். அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க மனம் வரவில்லை.

ஆனால் எனக்கு ஒரு நெருடல். அந்தப் பாட்டின் மூலம் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. அதிலாவது மின்னியின் பெயரைப் போட்டார்கள். அவர்களுடைய 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்கு ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்ட பிறகுதான் சமரசத்துக்கு வந்தார்கள். ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்து அந்தத் தலைமுறை ஆங்கிலேயர் எல்லோருமே எடுத்தார்கள், உண்மைதான். எடுத்ததைச் சொல்வதில் செப்பலின் கஞ்சத்தனம் காட்டியது. அதற்காக ஒரு படி இறக்குகிறேன். மூன்றாம் இடம்.

ஆக, என் இரண்டாம் இடம் பிளாக் சபாத்.

சிரிக்க வேண்டாம். வௌவால், சிலுவை, கறுப்புச் சட்டை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அந்தக் குழுவின் கிட்டார்க் கலைஞரின் கையைப் பாருங்கள். டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். வயது 17. வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், வழக்கமாக அழுத்து இயந்திரத்தில் நிற்பவர் வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடக்கைப் பழக்கக்காரர் அவர். அதாவது, தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான்.

தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் கை கருகியபின், இரண்டு விரல்களை வைத்தே ஐரோப்பாவைக் கிறங்கடித்த ஜாஸ் கலைஞர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்து, தேய்த்துத் தேய்த்துச் சரிப்படுத்தி, அதன்மேல் பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தி வலித்தது. அதனால் பேஞ்சோவின் மெல்லிய தந்திகளைப் போட்டுப் பார்த்தார். பிறகு, சபாத்தின் 1971 ஆல்பத்தில், சுருதியையே மூன்று அரைஸ்வரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதமானது, ஓசை கனத்தது. இன்று ஹெவி மெட்டல் என்று உலகெங்கும் வாசிக்கப்படும் அந்தக் கனம் இந்தக் கையிலிருந்து வந்தது.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டில் மூன்றே ஸ்வரங்கள்: கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அப்புறம் இறங்கி வந்து பிரதி மத்யமம். ஐரோப்பிய மரபில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கோ அதே பிரதி மத்யமம் கல்யாணியில் கச்சேரிக்குக் கச்சேரி மங்களகரமாக ஒலிக்கிறது! பயமுறுத்துவது ஸ்வரம் அல்ல, அதை அயோமி நிறுத்தி, இழுத்து, நடுங்கவிடும் விதம்.

விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைக் கிழித்தார்கள். ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ் ஏளனம் செய்தார். 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சபாத்தைச் சேர்த்தபோது மேடையில் வரவேற்றவர்கள், பின்னால் வந்த ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா. என் கேள்விக்கு அதைவிட நேரான பதில் தேவையில்லை.

மெட்டல் கேட்காதவர்களுக்கும் ஒரு சான்று தருகிறேன். பீஸ்டி பாய்ஸ் என்ற நியூயார்க் ராப் குழு 1986இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில், முதல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். டிரம்ஸ், நான் சொன்ன அந்த மாடிப்படி டிரம்ஸ். அதன்மேல் வரும் கிட்டார், 1971 சபாத் ஆல்பத்திலிருந்து எடுத்தது. என் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் ஒரே பாட்டில் ஒன்றாக வேலை செய்கின்றன.

ஓர் எதிர்வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967 ஆல்பம் அப்போது விற்கவே இல்லை, ஆனால் கேட்டவர்கள் எல்லாம் குழு தொடங்கிவிட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. என் அளவுகோலில் அவர்களுக்கு இரண்டாம் இடமே கேட்கலாம். கேட்டால் என்னிடம் வலுவான மறுப்பு இல்லை. சபாத்தை நான் அதிகம் கேட்கிறேன், அவ்வளவுதான். பாடகர் ஓசி ஆஸ்போர்ன் 1979இல் வெளியேற்றப்பட்ட பிறகு வந்த சபாத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970 முதல் 1975 வரை வந்த ஆறு ஆல்பங்கள் போதும்.

நிர்வாணா எங்கே, ரமோன்ஸ் எங்கே என்று கேட்பவர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர்கள் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நான்காம் இடம் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் பேரம் கிடையாது. வணக்கம்.