முதல் ராப் ஆல்பம்: கேட்டவர்கள் சொல்வதை எப்படிப் பிரித்தெடுப்பது?

[திரையில்: லெப்டொப், மைக், சுவரில் தொங்கும் போர்வை]

"நல்லா இரிக்கு தம்பி." முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டும் இளம் ராப்பருக்கு அதிகம் கிடைக்கும் பதில் இதுதான். அன்பான பதில். ஆனால் இதை வைத்து மிக்ஸில், அதாவது குரலையும் பீட்டையும் அளவாகக் கலக்கும் வேலையில், ஒரு டெசிபல்கூட மாற்ற முடியாது. கிழக்கிலங்கையில் காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வீட்டறையில் றெக்கோர்ட் பண்ணி முடித்த ஒருவர், வெளியிடுவதற்கு முன்னால் கேட்பவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பத்துப் பேர் போதும். கூட்டாளிமார் பாதிக்கு மேல் வேண்டாம். ராப் கேட்டுப் பழகாத ஒரு அக்கா, ஓட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், கிழக்குக்கு வெளியே இருக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும். எல்லோரையும் ஒன்றாக இருத்திப் பாட்டைப் போடாதீர்கள். முதலில் வாய் திறந்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். தனித்தனியாகக் கேட்கட்டும். வட்ஸ்அப்பில் என்றால் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், ஃபைல் உள்ளபடியே போய்ச் சேரும்.

[திரையில்: கொப்பித் தாளில் நாலு கட்டம்]

ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள். எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் செக்கன், என்ன சொன்னார், எதில் கேட்டார். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே குறை போன், ஹெட்போன், ஓட்டோ ஸ்பீக்கர் மூன்றிலும் வந்தால் பிழை பெரும்பாலும் வரியிலோ பாடிய விதத்திலோ இருக்கும். ஒன்றில் மட்டும் வந்தால் அநேகமாக மிக்ஸில்.

இனி, அதிகம் வரும் முறைப்பாடு: "சொல்லு விளங்குதில்ல."

இதை "விளங்கிச்சா?" என்று கேட்டுச் சோதிக்க முடியாது. மரியாதைக்கு ஓம் என்பார்கள். எட்டு வரியை ஒரே தடவை போட்டு, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். வரியை எழுதியவர் தானே கேட்டுச் சரிபார்ப்பதில் பயனில்லை, அவருக்குத்தான் சொல் முன்பே தெரியுமே.

[திரையில்: ஒரு பாரில் 16 கட்டங்கள்]

90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) பீட்டில் ஒரு பாருக்கு, அதாவது நாலு அடிக்கு, 16 சின்ன இடங்கள். ஒவ்வொன்றும் ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற பழைய கணக்கு இங்கே அப்படியே வேலை செய்கிறது. நெடிலையும் ஒரே இடத்துக்குள் அமுக்கினால் "பாடு" காதில் "படு" ஆகிவிடும், "காட்டு" "கட்டு" ஆகிவிடும். ஆங்கில ஃப்ளோவை (சொல் ஓடும் தாளத்தை) அப்படியே எடுத்து அதற்குள் தமிழை அடைக்கும்போது நடப்பது இதுதான். பத்துப் பேரில் நாலு பேர் ஒரே சொல்லில் தடுக்கினால் அந்தப் பாரிலிருந்து ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு, நெடிலுக்கு இரண்டு இடம் கொடுத்து, அந்த வரியை மட்டும் திரும்பப் பாடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் முதலில் இருந்த அதே தூரம், சுமார் 15 சென்ரிமீற்றர், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப் போட்டது தெரியும்.

சொல் சரியாக இருந்தும் விளங்காவிட்டால் பீட்டைப் பாருங்கள். கூத்து மத்தளத்தையும் சல்லரியையும் (கைத்தாளம்) பீட்டில் சேர்ப்பது அருமையான வேலை. இந்த மண்ணின் ஓசை அது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் சல்லரியின் கணீர் ஓசை, வல்லின எழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டிய அதே அதிர்வெண்ணில் வந்து உட்காரும். குரலை ஏற்றுவதற்கு முன், குரல் வரும் இடங்களில் மட்டும் சல்லரியை 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். கூத்தில் பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கித் திரும்பப் பாடுவதால் களரியின் (கூத்து மேடையின்) ஓரத்தில் இருப்பவருக்கும் சொல் போய்ச் சேர்கிறது. வரியின் கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு டேக்கில் (தனிப் பதிவில்) பாடி முதல் குரலுக்கு அடியில் வையுங்கள், அதே பலன் கிடைக்கும்.

"பேஸ் காணாது" என்று போனில் கேட்டவர் மட்டும் சொன்னால் பேஸை ஏற்றாதீர்கள். 808 பேஸின் (ராப்பில் வழமையான மின்னணு ட்ரம் பேஸ்) அடி ஓசை 40 முதல் 60 ஹேர்ட்ஸ். போனின் சின்ன ஸ்பீக்கர் அதை எழுப்பாது. ஏற்றினால் ஓட்டோவே அதிரும், போனில் ஒரு மாற்றமும் இராது. கொஞ்சம் சச்சுரேஷன் (ஓசையை இலேசாகக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் மேல் ஓசைகள் பிறக்கும்; அடி ஓசை இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும்.

"சத்தம் குறைவு" என்பதற்குப் பயந்து மாஸ்டரை (வெளியிடும் இறுதி ஃபைலை) மைனஸ் 7 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவு) வரை அமுக்குகிறவர்கள் உண்டு. ஸ்பொட்டிஃபை வழமையாக மைனஸ் 14க்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடும். ஏற்றிய 7 டெசிபல் போய்விடும், ட்ரம்மின் அடி செத்தது மட்டும் மிஞ்சும்.

"எல்லாம் ஒரே மாதிரி" என்றால் பாட்டுகளின் பிபிஎம்மை வரிசையாக எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்து 90, 92, 88 என்றிருந்தால் ஒழுங்கை மாற்றுங்கள். முன்னிசையையும் அளந்து பாருங்கள்: 90 பிபிஎம்மில் எட்டுப் பார் 21 செக்கன். ஸ்பொட்டிஃபையில் 30 செக்கன் கேட்டால்தான் ஒரு தடவையாகக் கணக்கு. நாலு பார் போதும்.

பேச்சுவழக்கு பற்றிய கருத்துகளைத் தனியாக வையுங்கள். ஊர்ப் பேச்சை மாற்றச் சொல்லி வெளியூர்க்காரர் ஒருவர் சொல்வது குறையல்ல. மட்டக்களப்பார் ஒருவர் மட்டக்களப்புத் தமிழில் பாடத்தான் வேண்டும். ஆனால் ஒரு வரியில் "வாறன்", அடுத்த வரியில் "வந்துட்டு இருக்கேன்" என்றால் அது திருத்த வேண்டிய இடம்.

இதையெல்லாம் வெளியிட முன்னமே முடித்துவிடுங்கள். யூடியூப்பில் ஏற்றிய வீடியோவின் ஃபைலை மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் பார்வையும் கொமென்ட்டும் பழைய லிங்கோடு போய்விடும்.