கூட்டிப்போன கை

நடுவர் அவர்களுக்கும், எதிரில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் கொல்கத்தா தமிழர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கால்பந்து ரசிகரை ஓர் அணியோடு கட்டிப்போடுவது மைதானத்தில் பார்த்த ஆட்டமா, மைதானத்துக்குக் கூட்டிப்போன கையா? இதுதான் தலைப்பு. நான் கையின் பக்கம். நடுவர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார், அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஒருவரோடு பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம் நீங்கள் ஈஸ்ட் பெங்காலா, மோகன் பகானா என்று கேட்டுவிடுவார்கள். நான் ஈஸ்ட் பெங்கால். சிவப்பும் பொன்னிறமும்.

எனக்கு முன்னால் பேசியவர் 1997 ஜூலை 13-ஐ எடுத்துக்கொண்டார். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானம், 1,31,000 பேருக்கு மேல் கூட்டம், மோகன் பகானை 4-1 என்று ஜெயித்தோம், பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக். அந்த மூன்று கோல்தான் இந்த ஊரில் ஒரு தலைமுறையையே ஈஸ்ட் பெங்கால் பக்கம் இழுத்தது என்றார். அவர் அப்போது பிறக்கவேயில்லை, வீடியோவில் பார்த்திருக்கிறார். நான் அங்கே இருந்தேன் நடுவர் அவர்களே. எனக்குப் பதினோரு வயது.

அந்த மூன்று கோலில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பது? முன்வரிசை எழுந்தால் பின்வரிசை எழும், அதற்குப் பின்னால் இருப்பவர் பெஞ்சு மேல் ஏறுவார், பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போன சட்டைகள்தான். என் வலது கையை அப்பா பிடித்திருந்தார், இடது கையைக் காக்கு பிடித்திருந்தார். கோல் விழுந்தது எனக்குக் கை வழியாகத்தான் தெரிந்தது. முதலில் காக்குவின் பிடி இறுகும், அப்புறம் கை மேலே போகும், அதோடு நானும் மேலே போவேன், அதற்கப்புறம்தான் சத்தம் வந்து காதில் விழும். வீட்டுக்குத் திரும்பும்போது நான் முழு ஈஸ்ட் பெங்கால் ரசிகை. எந்த ஆட்டத்தைப் பார்த்து ஆனேன் என்று எதிரணி சொல்லட்டும்.

காக்கு என்றால் வங்காளியில் சித்தப்பா. எனக்கு ரத்த உறவில்லை, அப்பாவின் ஆபீசில் பக்கத்து மேசைக்காரர். அப்பா 1968-ல் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்தபோது இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது, பாஷையும் தெரியாது. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கியிருந்தார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு சனிக்கிழமை காக்கு வந்து, 'வா' என்று ஒற்றைச் சொல் சொல்லி, மைதானுக்கு, ஊர் நடுவே இருக்கும் அந்தப் பெரிய திடலுக்கு, இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மரப்பலகை கேலரி, மழை, சேறு. யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்றுகூட அப்பாவுக்கு நினைவில்லை. ஆட்டம் முடிந்து மண் குவளையில் டீ குடித்ததும், நனைந்த சட்டையோடு டிராமில் வந்ததும், 'அடுத்த சனிக்கிழமையும்' என்று காக்கு சொன்னதும் நினைவிருக்கிறது. அப்புறம் வார நாட்களில் ஆகாசவாணியில் அஜய் பாசுவின் வர்ணனையைக் கேட்டுக் கேட்டுத்தான் அப்பா வங்காளி கற்றுக்கொண்டார். இன்றைக்கும் அவர் கொஞ்சம் கோபமாக வங்காளி பேசினால் கோல் விழப்போகிறது போலவே இருக்கும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் பஞ்ச பாண்டவர்களைக் கொண்டுவந்தார். 1949-லிருந்து 53 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தென்னாட்டுக்காரர்கள். 1949, 50, 51 மூன்று வருடமும் தொடர்ந்து ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கோப்பையை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நம் பெரியவர்கள் இந்த அணியிடம் வந்தார்கள் என்று சொன்னார். ஐந்து பேர் பெயரையும் தப்பில்லாமல் சொன்னதற்கு அவருக்கு என் மரியாதை. ஆனால் அப்பா வந்தது 68-ல். பாண்டவர்கள் பிரிந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. பிறகு எப்படி அப்பா அந்த ஐந்து பெயரைத் தாத்தா பாட்டி பெயர் போலச் சொல்வார்? காக்கு சொல்லிக் கொடுத்தது. டிராமில், கேன்டீனில், டிக்கெட் வரிசையில். 'எங்க ஊர் போய்விட்டது என்று நாங்க அழுதுகொண்டிருந்தபோது எங்களுக்குச் சிரிக்கக் காரணம் கொடுத்தது உங்க ஊர் ஆட்கள்தான்' என்பாராம். தனியாகக் கிடந்த ஒரு மதராஸிப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர் போய்விட்டது என்றேனே, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், அதைச் சொல்லாமல் இந்த அணியைப் பற்றிப் பேச முடியாது.

இந்தக் கிளப் பிறந்தது 1920 ஆகஸ்ட் 1. மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்தது, அவரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்ட துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி பேச்சு எடுபடாமல் வெளியேறி நண்பர்களோடு தொடங்கியதுதான் இது. அப்போது கிழக்கு வங்காளம் என்பது நதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்த ஊர், அவ்வளவுதான். 1947-ல் அது வேறு நாடு. காக்குவின் ஊர் பாரிசால். 1950 கலவரத்தில் ஒன்பது வயதில் அவருடைய அப்பா அம்மாவோடு கிளம்பி, சியால்டா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சில வாரம் கிடந்து, கடைசியில் பிஜய்கர் அகதிக் காலனியில் மூங்கில் தட்டி வீட்டில் ஒதுங்கியவர்கள். பள்ளியில் பேச்சு வழக்கை வைத்துக் கேலி, கடையில் கேலி. கிழக்கு வங்காளத்துக்காரர் என்று அர்த்தப்படும் 'பாங்கால்' என்ற சொல்லே அப்போது ஏச்சு மாதிரி.

அந்த வருடம் அவருடைய அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானுக்குப் போயிருக்கிறார். ரேஷனுக்கு, துணிக்கு, அடையாளச் சீட்டுக்கு என்று வரிசையில் நின்று நின்று ஓய்ந்த மனிதர், அன்றைக்கு ஆசையோடு ஒரு வரிசையில் நின்றார். உள்ளே போனால் ஆயிரக்கணக்கான பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், ஈஸ்ட் பெங்கால், ஈஸ்ட் பெங்கால் என்று. காக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நிறுத்துவார். அதுவரை அந்தப் பெயரைப் பரிதாபமாகவோ இளக்காரமாகவோதான் கேட்டிருந்தாராம், சந்தோஷமாகச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டாராம். அப்பா தோளில் இருந்ததால் அப்பா அழுதது முகம் தெரியாமல் முதுகில்தான் தெரிந்ததாம்.

1955-ல் கிழக்கு வங்காளம் கிழக்குப் பாகிஸ்தான் ஆனது, 1971-ல் வங்கதேசம் ஆனது. வரைபடத்திலிருந்து போய்விட்ட அந்தப் பெயரை வாரா வாரம் சத்தம் போட்டுச் சொல்ல அவர்களுக்கு இருந்த இடம் இந்த கேலரி. அங்கே போனவர்கள் அகமது கானின் கால் வேலையைப் பார்க்க மட்டுமா போனார்கள்?

சரி, எதிரணி இப்போது ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் அப்பா வந்த காலம் ஈஸ்ட் பெங்காலின் பொற்காலம் அம்மா, 1970-லிருந்து 75 வரை தொடர்ந்து ஆறு வருடம் கல்கத்தா லீக், 75 ஷீல்டு இறுதியில் மோகன் பகானுக்கு ஐந்து கோல், பதிலுக்கு ஒன்றுமில்லை. ஜெயிக்கிற பக்கம் போய் ஒட்டிக்கொண்டார், இதில் கை எங்கே வந்தது என்பார்கள்.

ஒத்துக்கொள்கிறேன், ஆட்டம் நன்றாக இருந்தது, அப்பாவுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் அதற்கு அடுத்த வருடங்களைப் பாருங்கள். 1976 லீக் மோகன் பகானுக்கு. 1977-ல் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்று கோப்பையும் அவர்களுக்கு. அதே வருடம் செப்டம்பர் 24, ஈடன் கார்டனில் நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு பெலே வந்து ஆடினார், எதிர்த்து ஆடியது மோகன் பகான், முடிவு 2-2. உலகத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் வந்து நிற்கிற மைதானத்தில் சமமாக ஆடிக் காட்டினார்கள். அப்பாவும் காக்குவும் போயிருந்தார்கள். பெலேயைப் பார்த்தார்கள், மோகன் பகானுக்கு மனசாரக் கைதட்டினார்கள், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களாகவே வீட்டுக்கு வந்தார்கள். ஆட்டம்தான் ஆளை இழுக்கும் என்றால் அன்றைக்கு இந்த ஊரில் பாதிப்பேர் கட்சி மாறியிருக்க வேண்டும். யாரும் மாறவில்லை. அந்தப் பக்கத்திலும் அப்படித்தான், 75-ல் ஐந்து கோல் வாங்கிய பிறகும் மோகன் பகான்காரர்கள் மோகன் பகான்காரர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ ஒரு தாத்தா, 1911-ல் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷையர் படையை ஜெயித்த கதையைச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார்.

இன்னொன்று. 2024 ஆகஸ்ட் 18, டூரண்ட் கோப்பையில் இரண்டு அணிக்கும் ஆட்டம் இருந்தது. பணியிடத்தில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்காக ஊரே தெருவில் நின்ற நாட்கள் அவை, ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டமே இல்லை நடுவர் அவர்களே. ஆனாலும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்று ரசிகர்களும் அவரவர் ஜெர்சியோடு வந்து ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியும் போகவில்லை. மோகன் பகான்காரர் ஈஸ்ட் பெங்கால்காரரைத் தோளில் தூக்கி வைத்திருந்த படத்தை நீங்கள் சென்னையிலேயே பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு யாருடைய ஆட்டம் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது?

டிவியில் பார்த்தே பிள்ளைகள் பார்சிலோனா ரசிகர்கள் ஆகிறார்களே, அங்கே எந்தக் கை என்று கேட்டார்கள். என் அக்கா பையனும் அப்படித்தான். அவனிடமே கேட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டம், அவன் அண்ணன்தான் எழுப்பிவிடுவானாம், சத்தம் வராமல் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அதற்கு மேல் நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

காக்கு 2019-ல் போய்விட்டார். அதற்கப்புறம் நான் போன முதல் டெர்பி, அதாவது ஈஸ்ட் பெங்கால் மோகன் பகான் மோதும் ஆட்டம், 2020 ஜனவரி 19. நம் கேலரியில் ஒரு பெரிய பதாகை விரித்தார்கள். ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து வாங்கியதல்ல என்று வங்காளியில் எழுதியிருந்தது. குடியுரிமைக்குக் காகிதம் கேட்ட நேரம் அது. சியால்டா பிளாட்பாரத்தில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதியது. அன்றைக்கு 2-1 என்று தோற்றோம். எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இல்லை, யாரோ உட்கார்ந்திருந்தார், ஆனால் இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஐஎஸ்எல், இந்தியன் சூப்பர் லீக். முதல் வருடம் கோவாவில், பார்வையாளரே இல்லாத மைதானத்தில் ஆட்டம், பதினொரு அணியில் ஒன்பதாவது இடம். அடுத்த வருடம் இருபது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். அந்த இருபதையும் அப்பா பார்த்தார். பாதி ஆட்டத்தில் தூங்கிப்போவார் என்று நினைப்பேன், இல்லை, கடைசி விசில் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எதிரணி நண்பர்களே, அந்த வருடத்து ஆட்டத்தில் ஆளைக் கட்டிப்போடுகிற அழகு எது என்று நீங்கள் காட்டினால் நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று, மணி அடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 28, புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை இறுதி. எதிரில் ஒடிஷா, அவர்கள் ஊரிலேயே. கூடுதல் நேரத்தில் கிளெய்ட்டன் சில்வா அடித்த கோலில் 3-2. தேசிய அளவில் ஒரு கோப்பையைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது பந்து இங்கே, இப்போது அங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அப்பா கோப்பை கொடுப்பதைக்கூடப் பார்க்கவில்லை, போனை எடுத்துக் கொடு என்றார். பிஜய்கருக்குப் போட்டுக் கொடுத்தேன்.

காக்கீமாதான் எடுத்தார். காக்குவின் மனைவி. ஒரு நாளும் மைதானத்துக்குப் போனதில்லை, ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது, ஆட்டம் நடக்கும்போது டிவி இருக்கும் அறைக்குள் வந்து நின்றதுகூட இல்லை. அப்பா ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரே சொல் வந்தது, தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது:

'ஜிதேச்சி.'

ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம் நடுவர் அவர்களே. வணக்கம்.