பாட வராத பையனுக்கும் இடம் கொடுத்த வாத்தியார் | ‘லே கோரிஸ்ட்’ பட விளக்கம்

ஒரு வாத்தியார் பாட்டுக்குழு ஆரம்பிக்கிறார். பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடச் சொல்கிறார். ஒருவனுக்குச் சுருதியே நிற்கவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ‘சரி, போய் உட்காரு’ என்றுதானே? இந்த வாத்தியார் அவனை இசைத்தாள் ஏந்தி நிற்கும் ஸ்டாண்டாக்கி, குழுவோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பையன் பின்னால் ஒரு காரியம் செய்வான். அதைத் தெரிந்துகொள்ளாமல் வீடியோவை மூடிவிடாதீர்கள்.

வணக்கம் நண்பர்களே! இன்றைய படம் 2004-இல் வந்த பிரெஞ்சுப் படம், ‘லே கோரிஸ்ட்’. முழுக்கதையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். வருடம் 1949. போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகிறது. பிரான்சின் கிராமப்புறத்தில் ஒரு விடுதிப் பள்ளி. அநாதைகள், யாருக்கும் அடங்காதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், எல்லாரும் அங்கேதான். பள்ளியின் பெயருக்கே ‘குளத்தின் அடி’ என்றுதான் அர்த்தம். தலைமை ஆசிரியர் ரஷானின் ஒரே சட்டம், ‘வினை, எதிர்வினை’. தப்பு செய்தால் உடனே தண்டனை. அங்கே கண்காணிப்பாளராக வந்து சேர்கிறார் மத்தியூ, இசையில் தோற்றுப்போன மனிதர். இயக்குநர் கிறிஸ்டோஃப் பராத்தியேவுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். கதை, 1945-இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்திலிருந்து எடுத்தது. பின்னணி இவ்வளவு போதும்.

இப்போது அந்தக் குரல் தேர்வுக்கு வருவோம். எனக்கு மொத்தப் படமும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. மத்தியூவின் வழுக்கையைக் கிண்டல் செய்து பையன்கள் பாடுவது அவர் காதில் விழுகிறது. அவருக்குக் கோபம் வரவில்லை. மோசமாகப் பாடுகிறார்கள், ஆனாலும் பாடுகிறார்களே என்றுதான் தோன்றுகிறது! மறுபடி பேனாவை எடுத்து இசை எழுத உட்காருகிறார். பிறகு ஒவ்வொரு பையனின் குரலையும் கேட்டு, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பிரிக்கிறார். குட்டிப் பையன் பெப்பினோவுக்கு ஒரு பாட்டும் தெரியாது. அவனுக்கு உதவி இசை நடத்துநர் பதவி! சுருதி நிற்காத கோர்பன்தான் ஸ்டாண்ட். வெளியே தள்ளப்பட்டவர்கள் யாரும் இல்லை, கவனித்தீர்களா? தண்டனைக்காகவே வரிசையில் நின்று பழகிய பையன்கள், முதல்முறையாக வேறு ஒன்றுக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

சேர்ந்து பாடுவதில் உடம்புக்கும் வேலை இருக்கிறது. ஒரே வரியைப் பாடினால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மூச்சு வாங்கியாக வேண்டும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் பாடகர்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். மூச்சு ஒன்றானபோது துடிப்பின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே போனது. சுருதி சேர்வது தொண்டையோடு நிற்பதில்லை.

ஸ்வீடன் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருடத்து ஆஸ்கரில், அயல்மொழிப் படப் பிரிவில், இதோடு போட்டியிட்ட ஸ்வீடன் படமும் பாட்டுக்குழுப் படம்தான்! சிறு வயதில் கிராமத்தில் அடி வாங்கிய ஒருவர், பெரிய இசை நடத்துநராகி, உடம்பு கெட்டு, அதே கிராமத்துக்குத் திரும்பி வந்து தேவாலயக் குழுவுக்குப் பாடச் சொல்லித்தருகிறார். இரண்டையும் தாண்டி ஸ்பெயின் படம் பரிசை வாங்கிப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கோர்பன். பள்ளியில் பணம் காணாமல் போகிறது. பழி மோந்தேன் என்ற முரட்டுப் பையன் மேல் விழுகிறது. அவனுக்கோ நல்ல கனத்த குரல், குழுவில் அவனும் இருந்தவன்தான். ரஷான் அவனை அடித்து, போலீஸிடம் ஒப்படைக்கிறார். அப்புறம் ஒருநாள் கோர்பன் எதையோ ஒளித்துவைப்பதை மத்தியூ பார்த்துவிடுகிறார். ஒரு ஹார்மோனிகா! பணத்தை எடுத்தது நம் ஸ்டாண்ட் பையன்தான். உண்மை தெரிந்தும் மோந்தேனைத் திரும்பச் சேர்க்க ரஷான் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பள்ளி தீப்பிடித்து எரிகிறது, மோந்தேன் தூரத்தில் நின்று பார்க்கிறான். இசை குணப்படுத்தும் என்று சொல்லும் படம், அது போய்ச் சேராத ஒருவனையும் காட்டியதற்காகவே இதை மதிக்கிறேன். ஆனால் அவனோடு இன்னும் பத்து நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். அது எனக்குப் பெரிய குறை.

இந்தக் குழுவில் தனிக்குரல் பாடும் பையன் மொராஞ்ஜாக வந்த ஜான் பாட்டிஸ்ட் மோனியே, லியோன் நகரச் சிறுவர் பாடகர் குழுவில் நிஜமாகவே தனிக்குரல் பாடியவர். படத்தில் ஒலிப்பது அவர் குரலேதான்.

உங்கள் பள்ளியில் இப்படி யாராவது உங்களை ‘நீயும் நில்’ என்று சேர்த்துக்கொண்டார்களா? கமெண்டில் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிப்பேன்.

கடைசியாக, பெப்பினோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா வருவார் என்று கேட்டருகே நிற்பவன். அப்பா அம்மா இருவரும் போரில் இறந்துவிட்டார்கள். அந்த வேடத்தில் நடித்த சிறுவனின் நிஜ அப்பா ஜாக் பெரான், இதே படத்தின் தயாரிப்பாளர். முடிவில் மத்தியூவை வேலையை விட்டுத் துரத்துகிறார்கள். அவர் பஸ் ஏறும்போது, பையைத் தூக்கிக்கொண்டு பெப்பினோ ஓடி வருகிறான், என்னையும் கூட்டிப்போங்கள் என்று. முடியாது என்கிறார். பஸ் நகர்கிறது, கொஞ்ச தூரத்தில் நிற்கிறது. அவர் இறங்கி வந்து அவனையும் ஏற்றிக்கொள்கிறார்.

அன்று சனிக்கிழமை.