கூப்பிடுவதற்கு முன் ஒரு நிமிடம்

வணக்கம் நேயர்களே. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான்: "புத்தி நல்லாத்தான் இருக்கு, ஆனா கவனம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது." கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "போனைக் கொடுத்தா மட்டும் அசையாம உட்கார்றான்." அப்படியானால் வேண்டுமென்றேதான் செய்கிறான் என்பது அவர்கள் முடிவு.

அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். போன் திரையில் சில நொடிக்கொரு முறை படம் மாறுகிறது, சத்தம் மாறுகிறது. பிள்ளையின் கவனத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்கிறது. கணக்கு நோட்டு யாரையும் இழுக்காது. அங்கே பிள்ளை தானாகத் தன் கவனத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இந்தப் பிடிமானத்துக்கு முக்கியமான மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதுவாக்கில் ஆகிவிடுகிறது. ஏழு வயதில் அது தள்ளாடத்தான் செய்யும். திட்டினால் சீக்கிரம் வளர்ந்துவிடாது.

சரி, அதை வளர்க்க நாம் என்ன செய்யலாம்? எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர். 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் கையில் ஒரு மரக்கட்டை. அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழிக்கும் பொருந்துகிற மர உருளைகள். உருளைகளை வெளியே எடுப்பாள், கலைப்பாள், சரியான குழி பார்த்துத் திரும்பப் போடுவாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

மாண்டிசோரி தள்ளி நின்று எண்ண ஆரம்பித்தார். பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தார். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். பாடினார்கள், சுற்றிலும் நடந்தார்கள். சிறுமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்து அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவளோடு சேர்த்துத் தூக்கி ஒரு மேசை மேல் வைத்தார். நினைத்துப் பாருங்கள், நாற்காலியோடு தூக்குகிறார்கள்! அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டாள், மேலே போனதும் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள். முகத்தில் சோர்வு இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல மலர்ச்சி.

அந்தச் சிறுமிக்கு யாரும் "கவனம்! கவனம்!" என்று சொல்லவில்லை. கைக்குப் பிடித்த வேலை கிடைத்தது, இடையில் நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்து பழைய பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. உடனே நாம், "என்ன பண்றே? தண்ணி குடிச்சியா? இதை எடுத்து வெச்சிட்டு வந்து படி!" பிள்ளை எதில் ஒன்றியிருந்ததோ அதிலிருந்து பிய்த்து எடுத்து, கவனம் இல்லை என்று நாமே குறையும் சொல்கிறோம். பாராட்டும் குறுக்கீடுதான். "ஆஹா, என்ன அழகு!" என்றதும் அதன் கண் வேலையை விட்டு நம் முகத்துக்கு வந்துவிடும்.

ஆகவே கூப்பிடுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். அருகில் போய் நில்லுங்கள். பிள்ளை தானாக நிமிரும்போது, "இதை முடிச்சிட்டு வாப்பா" என்று சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பாடப் புத்தகமோ பொத்தானோ, ஒன்றியிருக்கும் பிள்ளையைக் கலைக்காதீர்கள்.

படிக்கும் இடத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலை வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். சில பாடங்கள் படங்கள் நிறைந்த அறையில், சில பாடங்கள் வெறுஞ்சுவர் அறையில். வெறுஞ்சுவர் அறையில் நடந்த பாடங்களில் நூற்றுக்கு 55 அளவுக்குச் சரியாக விடை சொன்னவர்கள், அலங்கார அறைப் பாடங்களில் 42 அளவுக்குத்தான் சொன்னார்கள். வீட்டையே வெறுமையாக்கச் சொல்லவில்லை. பிள்ளை படிக்கும்போது கண்ணெதிரே இருக்கும் சுவரும் மேசையும் காலியாக இருந்தால் போதும். ஓடும் தொலைக்காட்சி அந்த அறையில் வேண்டாம், யாரும் பார்க்காவிட்டாலும் வேண்டாம்.

அப்புறம், அலைந்த மனதைத் திருப்பிக் கொண்டுவருவது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இந்தத் திறனைத்தான் மனவுறுதியின் வேர் என்று 1890-லேயே எழுதினார். யார் மனமும் அலையும், உங்கள் மனமும் என் மனமும் உட்பட. திரும்பி வருவதுதான் பழக வேண்டியது. பிள்ளை ஜன்னலைப் பார்க்கிறதா? "எங்கே பராக்குப் பார்க்கிறே?" என்று கேட்காதீர்கள். விட்ட வரியில் விரல் வைத்து, "இங்கே இருந்தோம்" என்று மட்டும் சொல்லுங்கள். பக்கம் முழுக்கக் கணக்கு இருந்தால் பாதியை வெள்ளைத்தாளால் மூடிவிடுங்கள். மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. தூக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். கடைசியாக ஒன்று. வீடு, பள்ளி என்று ஓரிடத்தில் மட்டுமல்லாமல் பல இடங்களிலும், ஆறு மாதத்துக்கு மேலாகக் கவனக்குறைவு நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் பாதிக்கிறது என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், பிறகு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கவனம் நிற்காமலும் உடல் ஓயாமலும் இருக்கிற கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, ஆங்கிலத்தில் ஏ.டி.எச்.டி., என்று ஒன்று உண்டு. அதற்குச் சிகிச்சையும் பயிற்சியும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.